நாகலூர் தாண்டினால் செம்மண்

என் சைக்கிளைப் பார்ப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கியர்?" அடுத்தது, "என்ன விலை?" விலையைப் பாதியாகச் சொல்லிப் பழகிவிட்டது; வீட்டிலும் அந்தக் கணக்குதான் நடப்பில் இருக்கிறது. இதைத் தாண்டிச் சிலர் கேட்பதுதான் சரியான கேள்வி. "ஹேண்டில்பார் ரேஸ் சைக்கிள் மாதிரி வளைஞ்சு கெடக்கு, டயரு மட்டும் தடியா இருக்கு. இது எந்த ரோட்டுக்குங்க?"

ஏற்காட்டுக்கு வடக்கே இருக்கும் நாகலூர் பக்கத்து ரோட்டுக்கு என்பது என் பதில். டீக்கடையில் நின்றுகொண்டு அதற்குமேல் விளக்க முடியாது என்பதால் மீதியை இங்கே எழுதுகிறேன்.

கிராவல் பைக் என்ற இந்த வகைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அமெரிக்காவின் கான்சஸ் மாநிலம். எம்போரியா என்ற ஊரில் 2006-ல் ஆரம்பித்த 200 மைல் பந்தயம் (இப்போது 'அன்பவுண்ட்' என்று பெயர்) பண்ணைகளுக்கு நடுவே போகும் சரளைச் சாலைகளில் நடக்கிறது. சக்கிமுக்கிக் கல் நிறைந்த மலைப்பகுதி அது. டயரைக் கிழிப்பதில் பேர்போன கல். 2022-ல் சர்வதேச சைக்கிள் சம்மேளனமே இத்தாலியில் கிராவலுக்கென்று தனியாக ஓர் உலகப் போட்டி நடத்தியது. அதற்குள் கம்பெனிகள் எல்லாம் ஆளுக்கொரு மாடல் இறக்கிவிட்டன. கான்சஸில் அந்தச் சாலைகளை யாரும் பந்தயத்துக்காகப் போடவில்லை. கோதுமையும் மாடும் ஏற்றிப்போகப் போட்ட ரோடு. சைக்கிள்காரன் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவன். நம் ஊரிலும் கதை அதேதான் என்பதால் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

மலை ஏறுவதைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். சேலம் கடல்மட்டத்திலிருந்து 278 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டரைத் தொடும். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு வளைவு நம்பர் போர்டு வைத்திருக்கிறார்கள். காரில் போகிறவர்களுக்கு அது வேடிக்கை, மிதிக்கிறவனுக்குத் தண்டனைக் காலத்தின் மிச்சக் கணக்கு. குரங்குகள் பையைப் பார்க்கும், பையில் வாழைப்பழம் இருந்தால் இறக்கிவிட்டுத்தான் போகச் சொல்லும். விடிவதற்கு முன்னால் கிளம்பிவிட்டால் கார் கூட்டத்திலிருந்து தப்பிக்கலாம். குப்பனூர் வழியாகக் கொட்டச்சேட்டுக்கு ஏறும் இன்னொரு ரோடும் இருக்கிறது. அதில் வண்டி குறைவு, நிழல் அதிகம், எனக்குப் பிடித்தது அது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டியபோது சேலம்-ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாளில்தான் இன்னொரு ரோடு இருப்பதன் அருமை தெரியும்.

ஏரி, படகு, மிளகாய் பஜ்ஜி, தொப்பி விற்கும் கடை: எல்லாவற்றையும் இடது கை பக்கம் விட்டுவிட்டு ஒண்டிக்கடையைத் தாண்டி வடக்கே திரும்பினால் பத்து நிமிஷத்தில் ஏற்காடு காணாமல் போய்விடும். சுற்றுலா ஏற்காடு அவ்வளவு சின்னது. அதற்குப் பிறகு வருவதுதான் மலை. சில்வர் ஓக் மரம், அதில் ஏறிய மிளகுக் கொடி, அடியில் காப்பிச் செடி, நடுவே ஒரு பலா, ஒரு ஆரஞ்சு. நாகலூர் வரை தார் ரோடு. ஆனால் அந்தத் தார் ரோட்டிலிருந்து இரண்டு பக்கமும் பிரிகிற ஒவ்வொரு வழியும் மண். நான் வருவது அதற்காகத்தான்.

அந்த மண் வழிகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். முதலில் மேட்டு நிலம். சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,623 மீட்டர். குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவுக்கு மலையின் எல்லா ஊர்களிலிருந்தும் மலையாளிப் பழங்குடி மக்கள் வந்து சேருவார்கள். (மலையாளி என்றால் மலையை ஆள்கிறவர்கள், தாய்மொழி தமிழ். கேரளத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் சென்னை நண்பர்களுக்காக இந்த வரி.) கோயிலைச் சுற்றி இருப்பது, மலை உச்சி என்றே நம்ப முடியாத தட்டையான வெட்டவெளி. மரம் கம்மி, காற்று அதிகம், புல் முழங்கால் உயரம். ஓர் உச்சி எப்படி இவ்வளவு சமதளமாக இருக்கிறது என்று கேட்டால் பதில் காலுக்குக் கீழே இருக்கிறது.

இந்த மலையின் எலும்பு சார்னோக்கைட் என்ற பாறை. பெயருக்குப் பின்னால் ஒரு கல்லறை இருக்கிறது: கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் சமாதிக் கல் இந்த வகைப் பாறை, அது சென்னைப் பக்கத்திலிருந்து போன கல். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் 1890-களில் சார்னாக்கின் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார். இந்தக் கருத்த பாறையின் மேல் லட்சக்கணக்கான வருஷம் மழை பெய்து, சிலிக்காவைக் கரைத்து அடித்துக்கொண்டு போய்விட்டது. கரையாமல் மேலே தங்கியவை அலுமினியமும் இரும்பும். அலுமினியம் மிகுந்த பகுதி பாக்சைட், இரும்பு மிகுந்தது செம்மண், சரளை. மலையின் தலையில் அது தொப்பியாக உறைந்து கிடக்கிறது. தொப்பி தட்டையாக இருப்பதால் உச்சியும் தட்டை.

அந்த பாக்சைட்டை வெட்டி மேட்டூருக்குக் கொண்டுபோனார்கள். மால்கோ என்ற மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி மேட்டூரில் 1965-ல் உற்பத்தியைத் தொடங்கியது. காவிரியின் மின்சாரம் ஒரு பக்கம், சேர்வராயன் மலையின் மண் ஒரு பக்கம். 2008-ல் அங்கே உலை நின்றது. நம் அம்மாக்கள் பொங்கல் வைத்த அலுமினியப் பாத்திரங்களில் எத்தனை இந்த மலையின் உச்சியாக இருந்ததோ! லாரி போன தடங்கள் பல வருஷம் கழித்தும் மண்ணில் தெரியும். கனரக வண்டி ஓடி இறுகிய செம்மண், மேலே சன்னச் சரளை. கிராவல் பைக்குக்கு இதைவிட நல்ல தரை கேட்க முடியாது. மிதித்தால் வண்டி மிதக்கும். ஆனால் இறக்கத்தில் கவனம் வேண்டும்: மேல்படலம் உருண்டைச் சரளை, பால்பேரிங் குண்டுகளைக் கொட்டி வைத்தது போல. அங்கே முன் பிரேக்கைப் பிடித்தால் முன்சக்கரம் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விடும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல், உடம்பு எடையை வெளிப்பக்கத்துப் பெடலில் இறக்கி ஓட்ட வேண்டும். நான் 40 மில்லிமீட்டர் டயரில் 35 பி.எஸ்.ஐ. காற்று வைக்கிறேன். அடிவாரத்தில் தார் ஏறும்போது கொஞ்சம் அதிகம், மேலே வந்ததும் விட்டுக் குறைப்பேன். டியூப்லெஸ் கட்டாயம். இலந்தை முள்ளும் லாந்தானாவும் இருக்கும் ஊரில் டியூப் போட்டு ஓட்டுவது பஞ்சர் கடைக்காரருக்கு நேர்ந்துகொள்வது.

கல் பற்றிப் பேசும்போது ஒருவரை விட்டுவிட்டுப் போக முடியாது. ராபர்ட் புரூஸ் ஃபுட். 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்து, இந்தியாவில் மனிதன் எவ்வளவு பழசு என்ற கேள்வியைத் தொடங்கி வைத்தவர். அவர் ஏற்காட்டில் வீடு வைத்து வாழ்ந்தார். 1912-ல் கல்கத்தாவில் இறந்தாலும் நினைவுக்கல் ஏற்காடு தேவாலயத்தில் இருக்கிறது. அவருடைய மாமனார் யார் தெரியுமா? பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கிய அதே பெர்சிவல். அவரும் கடைசியில் இந்த மலைக்கு வந்து, 1882-ல் இங்கேதான் கண்ணை மூடினார். நாவலர் என்ற நல்லூர்ச் சைவரோடு வாக்கியம் வாக்கியமாக மல்லுக்கட்டிய பாதிரியார், மருமகன் பாறை பொறுக்கும் மலையில் வந்து ஓய்ந்தார் என்பதை நினைத்துக்கொண்டே ஓட்டினால் ஏற்றம் கொஞ்சம் தெரியாது. எனக்கு அப்படி.

அடுத்தது எஸ்டேட் ரோடு. இது வேறு தரை, வேறு சட்டம். காப்பி இந்த மலைக்கு வந்தது 1820-களில், சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்தில். கிரேஞ்ச் எஸ்டேட் அவர் தொடங்கியது. காப்பியோடு பேரிக்காய், ஆப்பிள் என்று என்னென்னவோ நட்டுப் பார்த்தார். தோட்டம் வந்தால் தோட்டத்துக்குள் வண்டிப்பாதை வரும்; மலைச்சரிவில் மாட்டுவண்டி ஏறவேண்டும் என்பதால் சாய்வைப் பார்த்துப் பார்த்து வெட்டிய பாதைகள். அதனால்தான் எஸ்டேட் ரோடுகள் சைக்கிளுக்கு இவ்வளவு இதமாக இருக்கின்றன. ஜேசிபி வந்த பிறகு வெட்டிய பாதைகளை ஏறிப் பார்த்தால் வித்தியாசம் முட்டியில் தெரியும். மாடு ஒத்துக்கொள்ளாத சாய்வை டீசல் ஒத்துக்கொள்ளும்.

எஸ்டேட் ரோட்டில் கவனிக்கவேண்டியவை இரண்டு. குறுக்கே கல் பதித்த தண்ணீர்க்கால் வரும்; நிழலுக்குள் வருவதால் கண்ணுக்குத் தெரியாது, முன்சக்கரத்துக்குத் தெரியும். இன்னொன்று சில்வர் ஓக் சருகு. ஆஸ்திரேலிய மரம், நிழலுக்காகவும் மிளகுக்காகவும் நட்டது. உதிர்ந்த இலை நனைந்தால் வழுக்கும், காய்ந்தால் கீழே இருக்கும் கல்லை மறைக்கும். பழம் பறிக்கும் பருவம் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. அப்போது டிராக்டரும் சாக்கு மூட்டையுமாக வழி பரபரப்பாக இருக்கும், நாம் ஒதுங்கி நிற்கவேண்டும். மார்ச், ஏப்ரலில் முதல் கோடை மழை விழுந்து சில நாளில் காப்பி பூக்கும். சரிவு முழுக்க வெள்ளை. வாசனை மல்லிகைக்குப் பக்கத்தில் வரும். அந்த இரண்டு மூன்று நாளைக் குறிவைத்து வருவது லாட்டரி. பூக்கிற தேதியை யாரும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். மழையைப் பார்த்துவிட்டு எஸ்டேட்டில் வேலை செய்கிற யாராவது போன் பண்ணினால் உண்டு.

எஸ்டேட் தனியார் இடம். கேட் இருந்தால் கேட்டுவிட்டுப் போகவேண்டும், கேட் இல்லாவிட்டாலும் ஆள் தெரிந்தால் கேட்டுவிட்டுப் போகவேண்டும். ஒரு காவல்காரர் என்னை நிறுத்தி மேலும் கீழும் பார்த்தார். "சுத்திப் பாக்கவா வந்தீங்க?" ஆமாம் என்றேன். "அதுக்கு இப்படி ஒடம்ப வருத்திக்கணுமா தம்பி? பஸ்ஸு ஓடுதே." அவர் சைக்கிளில் தினமும் வேலைக்கு வந்த காலம் உண்டாம். பைக் வாங்கிய அன்றே அந்தச் சைக்கிளைப் பேரீச்சம்பழக்காரனுக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார். சொல்லும்போது முகத்தில் துளி வருத்தம் இல்லை. போய்வர விட்டார்.

காட்டெருமையைப் பற்றிச் சொல்லாமல் இருந்தால் பொறுப்பில்லாத பதிவாகிவிடும். ஊரில் காட்டுமாடு என்பார்கள். காப்பித் தோட்டங்களுக்குள்ளேயே அவை சாதாரணமாக நடமாடுகின்றன, ஆளை முட்டித் தூக்கிய சம்பவங்களும் நடந்திருக்கின்றன. பைக் சத்தம் போட்டுக்கொண்டு வரும், மாடு முன்பே விலகும். சைக்கிள் சத்தமே இல்லாமல் வளைவு திரும்பும். பத்தடியில் ஆயிரம் கிலோவுக்குப் பக்கத்தில் ஒன்று நிற்கும். மாட்டுக்கும் அதிர்ச்சி, நமக்கும் அதிர்ச்சி, ஆனால் கொம்பு ஒரு தரப்புக்கு மட்டும்தான். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சைக்கிளில் மணி இல்லை. நான் சேலத்தில் ஒரு கடையில் சாதாரண பித்தளை மணி வாங்கிப் பூட்டினேன். ரேஸ்காரர்கள் சிரிக்கிறார்கள். ஒவ்வொரு குருட்டு வளைவுக்கும் அடித்துக்கொண்டே போகிறேன். கண்ணில் பட்டால் நின்றுவிட வேண்டும். இறங்கி, பின்னால் நகர்ந்து, அது போகும்வரை காத்திருக்க வேண்டும். போட்டோ எடுக்க முன்னால் போகிறவர்களோடு நான் வண்டி ஓட்டுவதில்லை. அதிகாலையும் சாயங்காலமும் அவற்றின் நேரம். எட்டு மணிக்குமேல் நம் நேரம்.

இனி காட்டு ரோடு. சுருக்கமாகச் சொன்னால், உள்ளே போகக்கூடாது. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது 1882-ஆம் ஆண்டு வனச் சட்டப்படியே குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டில் தீ பிடித்து மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு அந்த வருஷமே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறையே 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளைக் கட்டணம் வைத்துத் திறந்தது. சேலம் மாவட்டமும் அதில் உண்டு. எல்லாம் நடக்கிறவர்களுக்கு. சைக்கிளுக்கென்று ஒன்றும் இல்லை.

நெதர்லாந்தில் ஹோகே வெலுவே என்று ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. சுமார் 5,400 ஹெக்டேர். புதர் மேடு, மணல் வெளி, காடு மூன்றும் மாறி மாறி வரும். வாசலில் டிக்கெட் வாங்கினால் உள்ளே வெள்ளைச் சைக்கிள் இலவசம், எடுத்துக்கொண்டு சுற்றலாம். அங்கே போய்வந்த சேலத்து நண்பர் ஒருவர் இங்கேயும் அப்படி ஒன்று வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. அந்தப் பூங்கா ஒரு பணக்காரத் தம்பதி, கிரோலர்-மூலர், 1909 முதல் வேட்டைக்காக வாங்கிச் சேர்த்த நிலம். 1935-ல் அறக்கட்டளைக்குப் போனது. சுற்றிலும் வேலி. உள்ளே ஊர் இல்லை, வயல் இல்லை, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இல்லை. அங்கே பாதை சுற்றிப் பார்க்கிறவனுக்காக மட்டும் இருக்கிறது. சேர்வராயன் மலை அப்படி இல்லை. இங்கே காட்டுக்கு நடுவில் ஊர் இருக்கிறது. நான் சரளையைத் தேடிப் போகிற பாதையின் மறுமுனையில் ரேஷன் கார்டு, கர்ப்பிணிப் பெண், பத்தாம் வகுப்புப் பரீட்சை எல்லாம் இருக்கின்றன.

நாகலூரைத் தாண்டி, மலை தர்மபுரிப் பக்கம் இறங்கத் தொடங்கும் திசையில் நான் அடிக்கடி போகும் ஒரு மண்பாதை உண்டு. ஊர் பெயர் எழுதப்போவதில்லை, எழுதினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பைக் கூட்டம் வந்துவிடும். இந்தச் சரிவில் விழும் மழை வாணியாற்றில் சேர்ந்து தென்பெண்ணைக்குப் போகிறது. தெற்கே ஒரு மேட்டைத் தாண்டி விழும் மழை திருமணிமுத்தாற்றில் இறங்கிக் காவிரிக்குப் போகிறது. அந்த மேட்டில் உட்கார்ந்து தட்டுவடை செட்டைப் பிரித்தால் இரண்டு நதிக்கும் பொதுவான இடத்தில் சாப்பிட்ட கணக்கு. (சேலத்துக்காரன் எனர்ஜி ஜெல் வாங்குவது குலத்துரோகம். ஆனால் சட்னி, பீட்ரூட் எல்லாம் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி எடுத்து வரவேண்டும், இல்லாவிட்டால் பை முழுக்க ரங்கோலி.)

அந்தப் பாதை ஏன் இன்னும் மண்ணாக இருக்கிறது என்று நான் முதலில் யோசித்ததே இல்லை. மண் என்றால் சந்தோஷம், அவ்வளவுதான். ஊர்க்காரர்களிடம் பேசிய பிறகுதான் விசாரித்தேன். இப்படிப்பட்ட வழிகளில் பாதை ஊராட்சிக்கு, பாதை போகும் தரை வனத்துறைக்கு என்றால் சிக்கல் ஆரம்பிக்கிறது. 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு நிலத்தை வேறு வேலைக்கு மாற்ற மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஒரு சலுகை தந்தது: பள்ளி, ஆஸ்பத்திரி, ரோடு போன்ற 13 வகைக் காரியங்களுக்கு, கிராம சபை பரிந்துரைத்தால், ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரத்துக்குமேல் வெட்டாமல் கொடுக்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒற்றை வண்டி ரோட்டின் தார் அகலம் 3.75 மீட்டர். ஒரு ஹெக்டேர் பத்தாயிரம் சதுர மீட்டர். வகுத்தால் இரண்டரைக் கிலோமீட்டர் சொச்சம். ஓரமும் வடிகாலும் சேர்த்தால் இன்னும் குறையும். காட்டுக்குள் ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊர் என்ன செய்யும்? ஃபைல் டெல்லிப் பக்கம் நடக்கும். ஃபைல் நடக்கும்வரை ஜனங்களும் நடப்பார்கள்.

மலை மாநிலங்களிலும் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பழங்குடிப் பகுதிகளிலும் 250 பேர் இருந்தாலே ரோடு போடலாம் என்று 2000-ல் வந்த பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் சொல்கிறது. சமவெளியில் அது 500. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கியவை இரண்டே இரண்டு, ஏற்காடும் சேந்தமங்கலமும். திட்டமும் உண்டு, தொகுதியும் உண்டு. ஆனாலும் நோயாளியைப் போர்வையில் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு வருகிற மலைக் கிராமத்துப் படம் தமிழ்நாட்டுப் பேப்பரில் வருஷா வருஷம் வந்துவிடுகிறது.

இதில் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். கிராவல் ஓட்டுகிறவன் ஆசைப்படுவதும் அந்தப் பாதையில் குடியிருப்பவர்கள் ஆசைப்படுவதும் ஒன்றுக்கொன்று எதிர். நம் ஆட்கள் சிலர் "இயற்கையைக் கெடுத்துத் தார் போடறாங்க" என்று புலம்புவதைக் கேட்டிருக்கிறேன். தார் ரோட்டில் காரில் வந்து, காரின் முதுகிலிருந்து சைக்கிளை இறக்கிவிட்டுச் சொல்கிற வசனம் அது. காட்டை அகலமாக வெட்டி ரிசார்ட்டுக்கு ரோடு போட்டால் நானும் கத்துவேன். ஏற்கெனவே கால் நடந்து தேய்ந்த தடத்தில் மினி பஸ் வர ரோடு போட்டால், என் வார இறுதி போனது போகட்டும்.

போனமுறை போனபோது அந்தப் பாதையில் ஜல்லி கொட்டியிருந்தார்கள். ஒன்றரை இஞ்ச் கருங்கல் ஜல்லி, இதே சார்னோக்கைட்தான், உடைத்த முனை கத்தியாக நிற்கும். ரோலர் இன்னும் ஓடவில்லை. நாற்பது மில்லிமீட்டர் டயரும் ஆகாது, ஐம்பதும் ஆகாது. இறங்கித் தள்ளுவதைத் தவிர வழியில்லை. முடிகிற இடத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் கடை. டீ, முறுக்கு, ஷாம்பு பாக்கெட். டீ போட்ட அக்கா நான் தள்ளிக்கொண்டு வருவதைத் தூரத்திலிருந்தே பார்த்திருக்கிறார்.

"தைக்குள்ள தார் போட்டுருவாங்களாம், பஸ்ஸு ஊருக்குள்ளயே திரும்புமாம்" என்றார். பையன் ஏற்காட்டில் பிளஸ் டூ படிக்கிறான். இப்போது மெயின் ரோடு வரை நடந்து போகிறான்.

நல்லதாப்போச்சு அக்கா என்றேன்.

"ஆமா. நீயும் அடுத்த தடவ இத எடுத்துக்கிட்டு கஷ்டப்படாத, பஸ்ஸுலயே வந்துரு. டீ இங்கதான் இருக்கும்."

சைக்கிளை பஸ் மேலே ஏற்ற விடுவார்களா என்று கேட்டேன். மூட்டைக்குப் போடுகிற டிக்கெட்தான் போடுவார்கள் என்று தன் கணிப்பைச் சொன்னார்.